ஒரே பெட்டி, மூன்று விண்டோஸ்: புதிய மடிக்கணினி மட்டும் உள்ளே போகவில்லை

ஹட்டன் ஸ்டூடியோ:
ஹட்டனில் சிறிய ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாணம், தேர்த் திருவிழா என்று எடுத்த படங்கள் எல்லாம் ரூட்டரோடு இணைத்த நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஒன்றில் இருக்கின்றன. லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் குண்டு பல்பு எரியவிட்டிருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில்தான் அதன் இடம்.

முன்மேசையில் விண்டோஸ் 7. பழைய போட்டோ பிரிண்டருக்கு அதற்கு மேல் டிரைவர் கிடையாது. ஆகவே அதை மாற்றச் சொல்லி யாரும் எழுத வேண்டாம். ஆல்பம் செய்யும் கணினியில் விண்டோஸ் 10 ஹோம். இரண்டிலும் கடவுச்சொல் கேட்காமலே பெட்டி திறக்கிறது. புதிய மடிக்கணினி விண்டோஸ் 11 புரோ, 24எச்2 என்ற 2024 பதிப்பு. அதில் பெட்டியின் பெயரே தெரிவதில்லை. பெட்டியின் எண் முகவரியை (ஐ.பி.) நேரே அடித்தால், அடையாளம் காட்டாத விருந்தினரை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்கிறது. எந்த நிறுவனம்? கடையில் நானும் மச்சானும்தான்.

மடிக்கணினி விற்றவர் புதுப் பெட்டி வாங்கச் சொல்கிறார். வேறென்ன சொல்வார்?

பண்டாரவளை:
விண்டோஸ் அம்சங்களில் எஸ்.எம்.பி. 1 ஐ (நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் நெறிமுறையின் பழைய பதிப்பு) இயக்குங்கள் அண்ணன். எனக்குச் சரிவந்தது.

நானுஓயா:
பண்டாரவளைத் தம்பி கோபிக்கக் கூடாது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகெங்கும் பரவியது எஸ்.எம்.பி. 1 இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10, 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாப்ட் அதைப் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. இங்கே அது தேவையும் இல்லை: விண்டோஸ் 7 கூட எஸ்.எம்.பி. 2.1 பேசும்.

ஸ்டூடியோத் தம்பி, விடை அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. உங்கள் பெட்டி எல்லோரையும் விருந்தினராக ஏற்கிறது. விண்டோஸ் 10 ஹோம் அதைப் பொறுத்துக்கொள்ளும். 11 புரோ 24எச்2 பொறுக்காது. கூடவே தரவுப் பரிமாற்றத்தில், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் மின்கையொப்பமும் கேட்கும். கையொப்பத்துக்கான சாவி கடவுச்சொல்லிலிருந்து பிறப்பது. விருந்தினருக்கு ஏது கடவுச்சொல்? விருந்தினர் தடையை மட்டும் நீக்கிவிட்டு இன்னும் திறக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்.

பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பயனரை உருவாக்கிப் படக் கோப்புறைக்கு உரிமை கொடுங்கள். விருந்தினர் அணுகலை மூடுங்கள். குறைந்தபட்ச நெறிமுறை எஸ்.எம்.பி. 2 ஆக இருக்கட்டும். 3 என்று வைத்தால் முன்மேசை வெளியே நிற்கும். மூன்று கணினிகளிலும் பழைய டிரைவ் இணைப்பைத் துண்டித்த பிறகே புதிய பெயரில் நுழையுங்கள். ஒரே பெட்டிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக விண்டோஸ் விடாது. பழைய இணைப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் சரியான கடவுச்சொல்லையும் தள்ளிவிடும்.

பெயர் தெரியாதது தனிக் கதை. பழைய பெட்டிகள் பெயரை அறிவிக்கும் முறையைப் புதிய விண்டோஸ் கவனிப்பதில்லை. முகவரியால் இணைத்துவிடுங்கள், ரூட்டரில் அந்த எண்ணைப் பெட்டிக்கென்றே ஒதுக்குங்கள். ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போய் வந்தால் எண் மாறிவிடலாம், அப்புறம் டிரைவைக் காணோம் என்று இன்னொரு கேள்வி எழுதுவீர்கள்.

ஹட்டன் ஸ்டூடியோ:
மடிக்கணினி முதலில் கையொப்பம் செல்லாது என்றது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அதிலிருந்த கையொப்பத் தெரிவை இயக்கியதும் திறந்துவிட்டது. இப்போது முன்மேசைதான் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது.

நானுஓயா:
அதன் உள்ளகப் பாதுகாப்புக் கொள்கையில் லேன் மேனேஜர் அங்கீகார நிலை என்று ஒன்று இருக்கும். எக்ஸ்பி காலத்தில் யாராவது அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைகளில் புதியதான என்.டி.எல்.எம். 2 ஐ மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள்.

ஹட்டன் ஸ்டூடியோ:
அதேதான். மூன்றும் திறக்கின்றன, நன்றி ஐயா. விண்டோஸ் 7 க்கு இணையம் தேவையே இல்லை, நிறுத்தலாமா?

நானுஓயா:
கட்டாயம் நிறுத்துங்கள். 2020 ஜனவரி 14 உடன் அதற்கு மைக்ரோசாப்டின் பொது ஆதரவு முடிந்துவிட்டது. ரூட்டரில் அந்தக் கணினிக்கு மட்டும் இணையத்தைத் தடுத்தால் பெட்டியும் பிரிண்டரும் வழக்கம்போல ஓடும்.