சித்தப்பா அனுப்பிய நீள லிங்க்

சித்தப்பா: கடைக்கு வெப்சைட் திறந்தாச்சு. சுங்குடிப் பக்கம் இதுதான், பார்த்துச் சொல்லுங்கள்.
(அரைத் திரைக்கு ஒரு லிங்க், முழுக்க சதவீதக் குறியும் எண்ணும்)

பெரியம்மா: தம்பி, உங்கள் போனில் யாரும் புகுந்துவிட்டார்களா? என்னமோ வந்திருக்கிறது. நான் தொடவில்லை.

அண்ணன்: கரண்ட் பில் கட்டச் சொல்லி வரும் மோசடி மெசேஜ் மாதிரியே இருக்கு 😂

நான்: வைரஸ் இல்லை பெரியம்மா, தமிழ்தான். கொம்பு, புள்ளி எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அதாவது கம்ப்யூட்டர் கணக்கில் 3 இடம். லிங்கைக் காப்பி செய்தால் ஒரு பைட் 3 குறியாக விரியும். 'சுங்குடி' என்ற ஒரு சொல்லுக்கே 72 ஆகிறது.

சித்தப்பா: எனக்குப் பிரவுசரில் அழகாகத் தமிழில்தானே தெரிகிறது? 2005லேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலை. பெயர் தமிழில் இருந்தால் கூகுளுக்கு ஆகாதா?

நான்: ஆகும், தாராளமாகப் படிக்கும். சிக்கல் வேறு. தலைப்பு 'அசல் மதுரைச் சுங்குடிச் சேலைகள்'. உங்கள் வெப்சைட்டை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அதை லிங்க் முகவரியாக்கும்போது 200 குறிக்கு மேல் விடாது. பாருங்கள், 'அசல்-மதுரைச்-சுங்குடிச்' வரை வந்து அறுந்துவிட்டது.

பெரியம்மா: சேலைக் கடையில் சேலையே இல்லையா!

அண்ணன்: 'ச்' மட்டும் தொங்குது

சித்தப்பா: அப்படியென்றால் முதலில் இருந்த மாதிரி கேள்விக்குறி போட்டு 123 என்றே வைத்துவிடவா?

நான்: ஐயோ, வேண்டாம். நம் வீதிகளை நினைத்துப் பாருங்கள். ஆடி வீதி கோயிலுக்குள், அப்புறம் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி. தெற்கு மாசி வீதி என்றாலே எந்தப் பக்கம், எத்தனையாவது சுற்று என்று பிடிபடும். வெறும் 123 என்றால் ஆட்டோக்காரர் எங்கே போவார்?

நான்: இங்கிலீஷ் எழுத்தில் சுங்குடி, ஒரு சின்னக் கோடு, சேலை. அவ்வளவு போதும். எல்லாம் சிறிய எழுத்தில். அடிக்கோடு வேண்டாம், கூகுளே நடுக்கோடு போடத்தான் சொல்கிறது. தீபாவளிப் பக்கத்துக்கு வருஷம் போடாதீர்கள், அடுத்த வருஷமும் அதே முகவரி உதவும்.

அண்ணன்: இப்படி மாற்றினால் கூகுளில் முதலில் வந்துவிடுமா?

நான்: அதற்காக மட்டும் வராது. முகவரியில் உள்ள சொல்லுக்கு அங்கே மதிப்பு ரொம்பக் கொஞ்சம். உள்ளே படமும் விவரமும் நன்றாக இருக்கணும். ஆனால் பார்த்ததும் என்ன பக்கம் என்று தெரிந்தால்தானே ஆள் தொடுவார்? பெரியம்மாவே தொடவில்லையே.

சித்தப்பா: பாப்பா, ஒரு சங்கடம். பழைய முகவரியை க்யூஆர் கோடாக்கி 500 துணிப்பையில் அச்சடித்துவிட்டேன்.

அண்ணன்: 🤦

நான்: பை வீணாகாது சித்தப்பா. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பிவிட 301 என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கடை மாறினால் பழைய கதவில் போர்டு மாட்டுவோமே, அதுதான். கூகுளும் இது நிரந்தரமாக மாறியது என்று எடுத்துக்கொள்ளும். நான் போட்டுத் தருகிறேன். பைகள் புழங்கும் வரை அதை எடுத்துவிடாதீர்கள்.

(ஒரு மணி நேரம் கழித்து)

சித்தப்பா: புது லிங்க். ஒரே வரி!

பெரியம்மா: திறந்தது. மூன்றாவதாக இருக்கும் அரக்குக் கலர் எனக்கு எடுத்து வையுங்கள். விலை எங்கே போட்டிருக்கிறது?

சித்தப்பா: உங்களுக்கு என்ன மதினி விலை... பாப்பா, விலை எங்கே போடணும்?