மருந்தை எழுதியவர் யார்? ‘சார்பு மருந்தெழுத்து’ என்னும் சொல்லை முன்வைத்து

அன்புடைய குழுவினருக்கு வணக்கம்.

மருத்துவரின் மேற்பார்வையில் ஃபிசிசியன் அசிஸ்டண்ட் (மருத்துவர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்று மருத்துவருக்கு உதவியாகப் பணிபுரிபவர்) மருந்து எழுதும் அதிகாரத்தை விதிமுறைக்குள் கொண்டுவருவது பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்ப்பதாகவும், அதற்கு ஒரு கலைச்சொல் வேண்டும் என்றும் கும்பகோணத்து ஆசிரியர் அம்மா கேட்டிருந்தார்கள். திருவாரூர் ஐயா ‘மேற்பார்வைப் பரிந்துரை உரிமை’ என்று விடை தந்திருந்தார். ஐயா பொறுத்தருள வேண்டும்; அத்தொடரின் மூன்று சொற்களிலுமே எனக்குத் தடை இருக்கிறது. நீடாமங்கலம் பக்கத்தில் பல ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன் என்பதால், அகராதியிலிருந்து தொடங்காமல் மருந்துச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கடையில் இருந்த கடைசி ஆண்டுகளில் ஒரு நாள், வலங்கைமான் பக்கத்து மூதாட்டி ஒருவர் ஒரு தனியார் மருத்துவமனையின் சீட்டைக் கொண்டுவந்தார். தலைப்பில் மருத்துவரின் பெயரும் பதிவெண்ணும் அச்சாகியிருந்தன. ‘செஃபிக்சைம் 200, காலை 1, இரவு 1, 5 நாள்’ என்று ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தெளிவே எனக்கு ஐயத்தைத் தந்தது, ஏனென்றால் அந்த மருத்துவரின் கையெழுத்தை நான் நன்கு அறிவேன். அடியில் வேறொரு கையொப்பம், பக்கத்தில் ‘பி.ஏ.’ என்று இரண்டே எழுத்து, அதாவது ஃபிசிசியன் அசிஸ்டண்ட். யார் எழுதியது என்று கேட்டபோது, “சின்ன டாக்டருதாம்ப்பா எழுதுனாரு, பெரியவரு ஆபரேசன்ல இருக்காரு” என்றார் அந்த அம்மா. நான் தொலைபேசியில் கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மருத்துவரே பேசினார்; “நான் சொல்லித்தான் எழுதினார், கொடுங்கள்” என்றார். அந்த ஒரு மணி நேரமும் அந்த அம்மா படியில் உட்கார்ந்திருந்தார்.

மருந்தைக் கொடுத்துவிட்டேன். சிக்கல் பதிவேட்டில் வந்தது. மருந்து விதிகளின் அட்டவணை எச்1 (விற்பனையைத் தனியே பதிய வேண்டிய மருந்துகளின் பட்டியல்) 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது 46 மருந்துகளைக் கொண்டிருந்தது. செஃபிக்சைமும் அந்த வகையைச் சேர்ந்தது. அவற்றை விற்கும்போது எழுதியவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனி ஏட்டில் பதிந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ‘எழுதியவர்’ என்ற கட்டத்தில் நான் யார் பெயரை இடுவது? கையால் எழுதியவர் ஒருவர், அதற்குப் பொறுப்பானவர் மற்றொருவர். ஒரே வினைச்சொல் இரண்டு ஆட்களைச் சுட்டுகிறது. அன்று மருத்துவரின் பெயரை இட்டேன். நமக்கு வேண்டிய கலைச்சொல் பிறக்க வேண்டிய இடம் அந்தக் கட்டம்தான் என்று இப்போது படுகிறது.

‘பரிந்துரை’யை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் அலுவலக வழக்கில் பரிந்துரை கீழிருந்து மேலே போவது. வட்டாட்சியர் பரிந்துரைப்பார், கோட்டாட்சியர் முடிவு செய்வார். பரிந்துரைத்தவர் முடிவுக்குப் பொறுப்பாளி அல்லர். மருத்துவர் மருந்து எழுதுவது அப்படியன்று, அது முடிந்த முடிவு. செய்தித்தாள்கள் ‘மருத்துவரின் பரிந்துரைப்படி’ என்று எழுதி எழுதி அச்சொல்லை நிலைநிறுத்திவிட்டன, இனி அதை அசைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: உதவியாளர் ஒரு மருந்தை முன்மொழிந்து, மருத்துவர் ஒப்பமிட்ட பிறகே அது கடைக்கு வருமானால், உதவியாளர் செய்ததற்குப் ‘பரிந்துரை’ மிகச் சரியான சொல். அவரே எழுதி, அவரே ஒப்பமிட்டு, மருத்துவர் பின்னர் பார்ப்பதாக இருந்தால் அச்சொல் உதவாது. ஆகவே நாம் தேடுவது ஒரு சொல்லை அன்று, இரண்டு சொற்களை.

சட்டமும் இதையே காட்டுகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமுதாய நலவாழ்வு வழங்குநர் என்ற இடைநிலைப் பணியாளருக்கு வரம்புள்ள உரிமம் தர வழிவகுக்கிறது. முதல்நிலை, நோய்த்தடுப்புச் சிகிச்சையில் குறிப்பிட்ட மருந்துகளை அவர் தாமாகவே எழுதலாம். மற்றவற்றில் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே எழுதலாம். இரண்டு வகை எழுத்தும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஃபிசிசியன் அசிஸ்டண்ட் இப்பிரிவின் ஆள் அல்லர். அவர் தொழில் 2021-ஆம் ஆண்டின் துணைநலத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பட்டியலில் இருப்பதனாலேயே மருந்தெழுதும் அதிகாரம் வந்துவிடாது. அமெரிக்காவில் 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தொழிலுக்கு, எல்லா மாநிலங்களிலும் அந்த அதிகாரம் கிடைத்து முடிய 2007 ஆயிற்று. கடைசியாக வந்தது இண்டியானா.

‘உரிமை’ வேண்டாம் என்பதற்குக் காரணம் நம் வயல்களில் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, டெல்டாவில் உரிமை என்றால் எளிதில் பறிக்க முடியாதது என்று பொருள். இங்கே பேசப்படுவதோ, ஒருவர் கொடுத்து, அவரே திரும்பப் பெறக்கூடியது. அதற்கு ‘அதிகாரம்’ போதும்.

‘மேற்பார்வை’யை நீக்கச் சொல்லவில்லை, பிரிக்கச் சொல்கிறேன். மருத்துவர் அதே அறையில் நிற்பது, அதே கட்டடத்தில் அழைத்தால் வரும் தொலைவில் இருப்பது, தஞ்சாவூரில் இருந்துகொண்டு மாலையில் சீட்டுகளைப் பார்ப்பது ஆகிய மூன்றும் இன்று ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. ‘உடனிருந்து மேற்பார்வை’, ‘அழைநிலை மேற்பார்வை’, ‘பின்னாய்வு’ என்று வைக்கலாம். நடுவிலுள்ளதற்கு ‘அண்மைப் பார்வை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். கண் மருத்துவரிடம் போகச் சொல்வது போல் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ஆளின் பெயரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘மருத்துவ உதவியாளர்’ 108 ஆம்புலன்சில் வருபவருக்குப் போய்விட்டது. ‘துணை மருத்துவர்’ என்றால் மூதாட்டியின் ‘சின்ன டாக்டர்’தான் வந்து நிற்பார். இத்தொழிலினரின் அமெரிக்கச் சங்கம் 2021-இல் அசிஸ்டண்டை அசோசியேட் ஆக்கியது. பிரிட்டனில் இத்தொழிலை ஆராய்ந்து 2025-இல் வெளியான லெங் ஆய்வறிக்கை, நோயாளிகள் குழம்புகிறார்கள் என்று அசோசியேட்டை மறுபடி அசிஸ்டண்ட் ஆக்கச் சொன்னது. 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இப்படிப்பு தொடங்கிய நாளிலிருந்து நாம் தமிழ்ப்பெயர் இல்லாமலே காலம் தள்ளிவிட்டோம். ‘மருத்துவர் உதவியாளர்’ என்றே வைப்போம். ஒரு ‘ர்’தான் வேறுபாடு, பேச்சில் அது காதில் விழாமல் போகலாம், எழுத்தில் நிற்கும்.

இனி என் முன்மொழிவு. மக்கள் ‘மருந்து எழுதித் தருவது’ என்றுதான் சொல்கிறார்கள், அதிலிருந்து ‘மருந்தெழுத்து’. மாவட்ட ஆட்சியரகக் கடிதங்களின் அடியில் ‘மாவட்ட ஆட்சியருக்காக’ என்று அச்சிட்டு, அதன்மேல் வேறோர் அலுவலர் ஒப்பமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கை ஒருவருடையது, பொறுப்பு மற்றவருடையது என்பதை அந்த ‘காக’ சொல்லிவிடுகிறது. அந்தப் பொருளைச் ‘சார்பு’ தாங்கும்: ஒருவர் சார்பில் எழுதுவது, அவரைச் சார்ந்து எழுதுவது ஆகிய இரண்டும் அதில் உண்டு. ஆகவே ‘சார்பு மருந்தெழுத்து’. சீட்டு கடைக்கு வருமுன்பே மருத்துவர் ஒப்பமிடும் வகைக்கு ‘மருந்து முன்மொழிவு’. அவர் மேலே இடுவது ‘மேலொப்பம்’. சுருக்கமாகச் ‘சார்பெழுத்து’ என்று சொல்லலாமே என்று யாரேனும் கேட்பார்கள். கூடாது. குற்றியலுகரமும் ஆய்தமும் அந்தப் பெயரில் முன்பே குடியிருக்கின்றன. முதலெழுத்தைச் சார்ந்தல்லாமல் தனித்து இயங்காதது சார்பெழுத்து என்ற இலக்கண நினைவு நம் சொல்லுக்கு ஒரு பின்னணியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு விதியின் வாசகமாக எழுதிப் பார்க்கிறேன்: ‘மருத்துவர் உதவியாளரின் சார்பு மருந்தெழுத்து அதிகாரம், மேற்பார்வை மருத்துவர் எழுத்துமூலம் ஒப்படைத்த மருந்துப் பட்டியலுக்கு உட்பட்டது, ஒவ்வொரு சீட்டிலும் இருவர் பெயரும், மருத்துவரின் பதிவெண்ணும் இடம்பெற வேண்டும்.’ வாயில் இடறவில்லை என்று நினைக்கிறேன். சட்டம் படித்தவர்கள் ‘ஒப்படைத்த’ என்பதைப் பார்த்துச் சொல்லுங்கள், ‘பகிர்ந்தளித்த’ என்றால் பொறுப்பும் பகிரப்பட்டதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பழைய எச்1 ஏடு ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் வெற்றுப் பக்கத்தில், ‘எழுதியவர்’ கட்டத்தில், மருத்துவர் பெயரையும் அதன் கீழே ‘சார்பு:’ என்று போட்டு உதவியாளர் பெயரையும் எழுதிப் பார்த்தேன். சற்று நெருக்கி எழுதினால் அடங்குகிறது.