கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வாஷிங்டன் டி.சி.யில், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் எம்.எஸ். படித்தவன் நான். கமலா ஹாரிஸ் 1986-ல் பட்டம் வாங்கிய இடம் என்றால் இன்று எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. நான் சேர்ந்த காலத்தில் அந்த வசதி இல்லை. "ஹார்வர்டா?" என்று மலர்ந்த முகம், இல்லை என்றதும் பழையபடி ஆகிவிடும்.

ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்த தூரத்து உறவு அண்ணன் வழியெல்லாம் அறிவுரை சொன்னார். "தம்பி, அது கறுப்பங்க ஏரியா. இருட்டினதும் வெளிய போகாத. போனைக் கையில வச்சுக்கிட்டு நடக்காத." அவர் வீட்டுப் பக்கம் ஒரு கறுப்பினக் குடும்பம்கூடக் கிடையாது. எங்கே தெரிந்துகொண்டாரோ!

வளாகத்தின் நடுவே 'யார்ட்' என்று ஒரு பெரிய புல்வெளி. ஃபவுண்டர்ஸ் லைப்ரரியின் மணிக்கூண்டு அதைப் பார்த்தபடி நிற்கும். அதைக் கடந்து போவதற்குள் முன்பின் தெரியாதவர்கள் நாலு பேராவது வணக்கம் சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் எல்லாரும் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வருவார்கள். அங்குள்ள மாணவர் சங்கங்கள் ஒவ்வொன்றுக்கும் யார்டில் ஒரு மரம் சொந்தம். அதனடியில் காலைத் தட்டி, கையைத் தட்டி வரிசையாக ஆடுவார்கள். நாட்டின் பெரிய ஒன்பது கறுப்பின மாணவர் சங்கங்களில் ஐந்து ஹோவர்டில் பிறந்தவை. கமலா சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற பெண்கள் சங்கம் 1908-ல் தொடங்கியது. அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் கண்டதும் எழுப்பும் கீச்சுக் குரலை முதல்முறை கேட்டபோது யாருக்கோ ஆபத்து என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

பல்கலைக்கழகம் 1867-ல் தொடங்கியது, உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடத்தில். ஆனால் கதவை யாருக்கும் சாத்தவில்லை. முதலில் சேர்ந்து படித்தவர்களே நிறுவனர்களின் வெள்ளைக்கார மகள்கள்தான்! பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் கதையை எனக்குச் சொன்னது லேபில் கூட இருந்த பால்டிமோர்க்காரர். மார்ஷலும் அந்த ஊர்தான். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரியில் கறுப்பினத்தவருக்கு இடம் கிடையாது. அதனால் ஹோவர்டில் சட்டம் படித்து 1933-ல் முதல் மாணவராகத் தேறினார். அப்புறம் தன் ஆசிரியர் சார்லஸ் ஹூஸ்டனோடு சேர்ந்து வேறொரு கறுப்பின மாணவருக்காக அதே மேரிலாந்துக் கல்லூரிமீது வழக்குப் போட்டு, அவரைச் சேர்க்க வைத்தார். இதைச் சொல்லும்போது என் நண்பருக்கு நேற்று நடந்ததுபோல ஒரு சந்தோஷம்.

சரி, நான் சொல்லவந்த விஷயம் வேறு. விருப்பப்பாடமாக ஒரு வரலாற்று வகுப்பு எடுத்திருந்தேன். காந்தியிடமிருந்துதானே மார்ட்டின் லூதர் கிங் கற்றுக்கொண்டார் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த வகுப்பில் நடுவில் இருந்தவர்களையும் தெரிந்துகொண்டேன். ஹோவர்டின் வளாகத் தேவாலயமான ரேங்கின் சேப்பலில் டீனாக இருந்த ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பினப் போதகர் 1936-லேயே பர்தோலியில் காந்தியைச் சந்தித்திருக்கிறார். அந்தப் பயணத்தில் கொழும்பு சட்டக் கல்லூரியில் ஒருவர், உங்களை அடிமையாக்கியவர்களின் கிறிஸ்தவ மதத்தில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவரை முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். இந்தியாவுக்குப் போய்வந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத் தலைவர் மொர்டிகாய் ஜான்சன் 1950-ல் பிலடெல்பியாவில் காந்தியைப் பற்றிப் பேசியதைக் கேட்டுத்தான் இளைஞர் கிங் காந்தி பற்றிய புத்தகங்களை வாங்கப் போனார். அம்பேத்கர் 1946-ல் கறுப்பின அறிஞரான டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும் எனக்கு அங்கேதான் தெரியும். நம் ஊரில் எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் அலபாமாக்காரப் பெண் ஒருவர் கேட்டார்: "உங்க ஊர்ல எல்லாரும் ஒரே நிறம்தானே? யார் என்ன சாதின்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

எந்தத் தெரு என்று கேட்போம், குலதெய்வம் எது என்று கேட்போம் என்றேன். எங்கள் கிராமத்தில் ஊர் தனி, காலனி தனி என்றேன். சின்ன வயதில் டீக்கடையில் தனி டம்ளர் பார்த்ததையும் சொன்னேன். "நீங்க எந்தப் பக்கம்?" என்றார். ஊர்ப் பக்கம் என்றேன். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தன் பாட்டி வெள்ளையருக்கு, கறுப்பருக்கு என்று குழாய்க்குக் குழாய் மாட்டியிருந்த பலகை பார்த்துத் தண்ணீர் குடித்து வளர்ந்ததைச் சொல்லிவிட்டு, "எங்களுக்குக் கழற்ற ஒரு பலகையாவது இருந்தது" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

விமான நிலையத்து அண்ணனை அப்புறம் பல விசேஷங்களில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "சேஃபா இருக்கியா?" என்பார். எந்த ஊர், எந்தத் தெரு என்று புதிதாக வந்த பையன்களை அவர் விசாரிப்பதையும் அங்கேதான் கவனிக்க ஆரம்பித்தேன்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் நியூ ஆர்லியன்ஸ் சேவியர் பல்கலைக்கழகத்தில் பார்மஸி படித்தவள். கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்கமானது அது ஒன்றுதான். பிலடெல்பியாவின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்து கன்னியாஸ்திரியான கேதரின் ட்ரெக்செல் கட்டியது. 2005 கத்ரீனா புயலில் வளாகம் முழுக்கத் தண்ணீர், ஆனாலும் 2006 ஜனவரியில் வகுப்பு தொடங்கிவிட்டார்கள். அதை அனுபவித்த ஊழியர்கள் இன்னும் அந்தத் தண்ணீர் மட்டத்தைக் கை வைத்துக் காட்டுவார்கள்.

சர்ச் வாசலில் மேஜை போட்டு ரத்த அழுத்தம் பார்க்கும் வேலைக்கு எங்களை அனுப்புவார்கள். ஒரு பாட்டி கையை நீட்டிக்கொண்டே, "உன்னைப் பெத்தவங்களுக்கு நீ எங்க படிக்கிறேன்னு தெரியுமா, பேபி?" என்றார். தெரியும். ஆனால் சொந்தக்காரர்களிடம் "நியூ ஆர்லியன்ஸ்ல படிக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதையும் சொன்னேன். பாட்டி சிரித்த சிரிப்பில் மீட்டர் எண் தப்பாகிவிட்டது. மறுபடி கட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று.

சேர நினைப்பவர்களுக்குக் கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை: ஹோவர்டும் சேவியரும் தனியார் என்பதால் மாநிலத்துக்காரர், வெளியார் என்று இரண்டு விலை கிடையாது. அமெரிக்க அரசின் கல்விக் கடன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கிடைக்காது. ஆராய்ச்சிக்குப் போகிறீர்கள் என்றால் ஹோவர்டுக்கு 2025-ல் ஆர்-1 அந்தஸ்து (ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் மேல்தட்டு) கிடைத்திருக்கிறது, அதைப் பாருங்கள். சேருவதற்கு முன்பே துறைக்கு எழுதி அசிஸ்டன்ட்ஷிப் (படித்துக்கொண்டே துறையில் செய்யும் சம்பள வேலை) உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.