லூ சுன்னும் ஜப்பானும்: சென்று பார்த்தவர்களும் படித்தவர்களும் பகிர்ந்தவை

செண்டாயிலிருந்து

ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் கத்தாஹிரா வளாகத்தில் படிக்கட்டு அமைப்பிலான பழைய மர வகுப்பறை ஒன்று இன்றும் பேணப்பட்டு வருகிறது. 1904-ஆம் ஆண்டு செண்டாய் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த சௌ ஷுரென் என்னும் சீன மாணவர், அதாவது பிற்காலத்தில் லூ சுன் என்ற புனைபெயரால் உலகறிந்த எழுத்தாளர், பாடம் கேட்ட அறை அது. ஆய்வுப் பணிக்காக இங்கு வந்த நான், அனுமதி பெற்று உள்ளே சென்றபோது, அவர் அமர்ந்த இடமென்று சொல்லப்படும் வரிசையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் நீட்ட இடமில்லாத குறுகலான பலகைகள். கரும்பலகை மிக அருகில் இருக்கிறது. ஆசிரியரின் பார்வைக்குத் தப்பி இங்கு யாரும் உறங்கியிருக்க முடியாது.

அவருடைய 'புஜினோ ஆசிரியர்' என்ற நினைவுக் கட்டுரையை, 1926-இல் ஷியாமென் நகரில் எழுதியதை, நான் இந்த ஊருக்கு வருமுன்பே படித்திருந்தேன். உடற்கூறியல் கற்பித்த புஜினோ கென்குரோ உடையில் அக்கறையற்றவர். பழைய மேலங்கியோடு ரயிலில் ஏறிய அவரைப் பணியாளர் ஜேப்படித் திருடன் என்று ஐயுற்று, மற்றப் பயணிகளை எச்சரித்ததாக ஒரு கதை அக்கட்டுரையில் வருகிறது. அந்த மனிதர்தான், இந்த அயல்நாட்டு மாணவனின் குறிப்பேடுகளைத் தவறாமல் வாங்கி, விடுபட்ட பாடத்தை மட்டுமல்லாமல் ஜப்பானிய மொழியின் இலக்கணப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தித் தந்தவர். முன்கையின் இரத்தக் குழாயை ஒரு படத்தில் மாணவர் அழகுக்காகச் சற்று இடம் மாற்றி வரைந்திருந்தார். உடற்கூற்றுப் படம் கலைப் படைப்பன்று, உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்று ஆசிரியர் சொல்ல, வாயால் ஒப்புக்கொண்டு மனத்துக்குள் தம் படமே மேலானது என்று நினைத்துக்கொண்டாராம் லூ சுன். மருத்துவத்தை விட்டு விலகப்போகிறவரின் குணம் அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

முதலாண்டுத் தேர்வில் 142 பேரில் 68-ஆம் இடம் அவருக்குக் கிடைத்தது. சீன மாணவன் இவ்வளவு பெற்றது எப்படி, புஜினோ வினாக்களை முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருப்பார் என்று சில ஜப்பானிய மாணவர்கள் பெயரில்லாக் கடிதம் எழுதினார்கள். ஆனால் மதிப்பெண் பட்டியலில் அவர் தேறாமல் போன ஒரே பாடம் உடற்கூறியல்தான்: 59.3. அந்தப் பாடத்தின் ஆசிரியர் புஜினோ!

சேலத்திலிருந்து

வகுப்பறையைப் பார்த்ததாக எழுதியுள்ள நண்பருக்கு நன்றி. அதே பள்ளியில் நடந்ததாக லூ சுன் கூறும் ஒளிப்படத் தகட்டு நிகழ்ச்சியைப் பற்றியும் பேச வேண்டும். நுண்ணுயிரியல் வகுப்பில் நேரம் மிஞ்சியபோது ருஷ்ய-ஜப்பானியப் போர்க் காட்சிகளைத் திரையிட்டார்கள். ருஷ்யர்களுக்கு உளவு சொன்னதாகக் கூறி ஒரு சீனரை ஜப்பானியப் படையினர் கொல்லவிருக்க, சுற்றி நின்ற சீனர்கள் உணர்ச்சியற்று வேடிக்கை பார்த்தார்கள். உடலுக்கு மருத்துவம் செய்வதைவிட மக்களின் உள்ளத்தை மாற்றுவதே முதல் வேலை என்று அன்று முடிவெடுத்ததாகத் தம் முதல் சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையில் அவர் எழுதினார். எம் கல்லூரி நாள்களில் இந்தப் பத்தியை மேடையில் மேற்கோள் காட்டாத பேச்சாளர் இல்லை.

ஆயினும் இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. முன்னுரையில் அந்த மனிதர் தலை வெட்டப்படவிருக்கிறார். 'புஜினோ ஆசிரியர்' கட்டுரையில் சுடப்படவிருக்கிறார். 1965-இல் பல்கலைக்கழகத்தில் அக்காலத்துப் போர்த் தகடுகள் கொண்ட பெட்டி கிடைத்தபோது, எஞ்சியிருந்தவற்றில் அத்தகைய காட்சி எதுவும் இல்லை. ஆதலால் அந்நிகழ்ச்சி பொய் என்று சொல்பவன் நான் அல்லன். பெட்டியில் சில தகடுகள் குறைந்திருந்தன, செய்தித்தாள்களிலும் அத்தகைய படங்கள் வந்த காலம் அது. எனினும் ஒரு படத்தைப் பார்த்த ஒரே கணத்தில் வாழ்க்கை திசைமாறியது என்பதைவிட, அந்தப் பெயரில்லாக் கடிதமும் போர்க் காட்சிகளைக் கண்டு வகுப்பில் ஜப்பானிய மாணவர்கள் எழுப்பிய வாழ்த்தொலிகளும் சேர்ந்து மெல்ல மெல்ல அவரை வெளியேற்றின என்பதே எனக்கு நம்பத்தக்கதாக இருக்கிறது.

ஒசாகாவிலிருந்து

புஜினோவின் பக்கத்தையும் யாரேனும் சொல்ல வேண்டும். புகுய் மாவட்டத்தில் அவாரா என்ற வெந்நீரூற்று ஊரில், அவர் வாழ்ந்த வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு வெந்நீர்க் குளியலுக்குச் சென்ற நான் தற்செயலாகவே அதனுள் நுழைந்தேன். அவாராவும் லூ சுன் பிறந்த ஷாவோஷிங் நகரும் 1983 முதல் நட்பு நகரங்கள்.

1906-இல் பிரியும்போது புஜினோ தம் நிழற்படத்தின் பின்புறம் பிரிவுக்கு வருந்துவதாக எழுதிக் கொடுத்தார். அதைப் பெய்ஜிங் வீட்டில் எழுதுமேசைக்கு எதிரே மாட்டிவைத்திருந்ததாகவும், இரவில் சோர்வு வரும்போது அந்த முகத்தைப் பார்த்தால் மீண்டும் எழுதத் தோன்றியதாகவும் லூ சுன் கூறுகிறார். புஜினோவோ, மருத்துவப் பள்ளி பல்கலைக்கழகத்தோடு இணைந்தபின் 1915-இல் பதவியிழந்து, சொந்த ஊர்ப்பக்கம் சிறு மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்தார். 1935-இல் இவாநாமி பதிப்பகம் லூ சுன்னின் தேர்ந்தெடுத்த படைப்புகளை ஜப்பானிய மொழியில் வெளியிட்டபோது, அந்தக் கட்டுரையை அவசியம் சேர்க்கும்படி லூ சுன் கேட்டுக்கொண்டார். ஆசிரியர் உயிரோடிருந்தால் அவரைக் கண்டுபிடிக்க அது உதவும் என்பது அவர் நம்பிக்கை. செய்தி புஜினோவை எட்டிப் பத்திரிகைகளில் வெளிப்படுவதற்குள் மாணவர் இறந்துவிட்டார்.

1937-இல் புஜினோ எழுதிய சிறு நினைவுரையைப் படித்தபோது நான் எதிர்பார்த்தது வேறு. அந்த மாணவரைப் பற்றி அவருக்கு அதிகம் நினைவில்லை. நிழற்படம் கொடுத்ததுகூடச் சரியாக நினைவில்லை. சிறுவயதில் சீனச் செவ்விலக்கியம் கற்றதால் அந்நாட்டு மக்களை மதிக்க வேண்டும் என்ற எண்ணம் தமக்கு இருந்தது, அது அவருக்குத் தனி அன்பாகத் தோன்றியிருக்கலாம் என்று மட்டும் சொல்கிறார். ஜப்பான் சீனாவோடு முழுப்போரில் இறங்கிய ஆண்டு அது என்பதை மனத்தில் வைத்துத்தான் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

ஷாங்காயிலிருந்து

இங்கு வேலைக்கு வந்த தொடக்கத்தில் வடக்கு சிச்சுவான் சாலை வழியாகத்தான் என் அன்றாடப் போக்குவரத்து. உச்சியாமா கான்சோவின் புத்தகக் கடை இருந்த கட்டடச் சுவரில் நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது. கண் மருந்து விற்கும் முகவராக 1913-இல் சீனாவுக்கு வந்தவர் உச்சியாமா. 1917-இல் மனைவி மிகிகோ வீட்டிலேயே தொடங்கிய சிறு புத்தக விற்பனை பின்னர் பெரிய கடையாயிற்று. 1927 அக்டோபரில் ஷாங்காய் வந்து சேர்ந்த லூ சுன், ஓரிரு நாள்களில் அங்கு சென்று நான்கு நூல்கள் வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் விலையோடு எழுதிவைத்திருக்கிறார். கணக்கு எழுதுவதில் அவ்வளவு கறாரான எழுத்தாளரை நான் கண்டதில்லை.

அதன்பிறகு அந்தக் கடைதான் அவருடைய அஞ்சல் முகவரி, நண்பர்களைச் சந்திக்கும் இடம், அப்போது சீனாவை ஆண்ட கோமின்தாங் கட்சியின் அரசு தேடியபோது ஒளிந்திருக்க வழி செய்த புகலிடம். 1932 ஜனவரியில் ஜப்பானியக் கடற்படையினர் நகரைத் தாக்கிய வேளையில், அவருடைய குடியிருப்புக்குள் குண்டு பாய, குடும்பத்தோடு தஞ்சம் புகுந்ததும் இந்த ஜப்பானியரின் கடையில்தான். 1931 ஆகஸ்டில் உச்சியாமாவின் தம்பி கக்கிட்சு 13 சீன இளைஞர்களுக்கு மரச்செதுக்கு அச்சுக்கலை கற்பித்தபோது, 50 வயதை நெருங்கிய லூ சுன் மொழிபெயர்ப்பாளராக உடன் நின்றார். சீனாவின் நவீன மரச்செதுக்கு இயக்கம் அந்த வகுப்பிலிருந்து எழுந்தது.

உச்சியாமா ஜப்பானிய உளவாளி என்று பத்திரிகைகள் தூற்றின. அவர் பணத்துக்காகப் புத்தகம் விற்கிறார், ஆனால் மனித இரத்தத்தை விற்பதில்லை என்ற பொருளில் லூ சுன் திருப்பியடித்தார். 1936 அக்டோபர் 18 காலையில் அவர் எழுதிய கடைசிச் சீட்டும் உச்சியாமாவுக்குத்தான், அதுவும் ஜப்பானிய மொழியில்: நள்ளிரவிலிருந்து மீண்டும் மூச்சிரைப்பு, பத்து மணிச் சந்திப்புக்கு வர இயலாது, மருத்துவர் சுடோவைத் தொலைபேசியில் அழையுங்கள். மறுநாள் விடியற்காலையில் அவர் இறந்தார்.

கண்டியிலிருந்து

எங்கள் ஊர்ப்பக்கத்துத் தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ் அவர்கள் தமிழாக்கிய கதைகளின் வழியாகத்தான் லூ சுன்னை நான் அறிந்தேன். புஜினோவைப் பற்றி இவ்வளவு எழுதியுள்ளீர்கள். ஜப்பானிய எழுத்தாளர் தசாய் ஒசாமு இதைக் கருவாக வைத்து நாவல் எழுதியுள்ளார் என்கிறார்களே, அது படிக்கத்தக்கதா?

செண்டாயிலிருந்து

படிக்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. போர்க்காலத்தில் அரசுத் தகவல் துறையும் எழுத்தாளர் அமைப்பும் ஆசிய நாடுகளின் நல்லிணக்கத்தை வலியுறுத்தும் நூல்களை எழுதுவித்தபோது தசாய் ஏற்றுக்கொண்ட பணி அது. 1944 டிசம்பரில் இங்கு வந்து தகவல் திரட்டினார். நூல் வெளிவந்ததோ 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த பிறகு. புஜினோ ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். லூ சுன்னைப் பற்றி ஆழ்ந்து எழுதிய தாகேஉச்சி யோஷிமி, அந்த நாவலில் இருப்பவர் தசாயின் கற்பனையே தவிர லூ சுன் அல்லர் என்று கடுமையாகச் சாடினார். நானும் அவர் பக்கமே. தசாயின் மாணவர் ஓயாமல் பேசுகிறார், எளிதில் நெகிழ்கிறார். கட்டுரையில் உள்ளவரோ ஏளனத்தையும் நன்றியையும் ஒரே மூச்சில் எழுதுபவர். கட்டுரை சில பக்கங்களே ஆதலால் முதலில் அதைப் படித்துவிட்டு நாவலுக்குச் செல்லுங்கள்.