பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிக்க அமெரிக்கா போகலாமா?

கேள்வி: இளங்கலைக்கே பெட்ரோலியம் எடுக்க ஆசை. வெளிநாட்டு மாணவனுக்கு வேலை கிடைக்குமா? வீட்டில் "எண்ணெய் எத்தனை நாளைக்கு?" என்கிறார்கள்.

பதில் 1: நான் 2020 மே மாதம் முடித்தேன். அதற்கு முந்தைய மாதம் 20-ஆம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர், அதாவது விற்பவரே பணம் கொடுத்துத் தள்ளிவிடும் நிலை! கையில் இருந்த வேலை ஆஃபரை இரண்டே வரி மின்னஞ்சலில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஓபிடி (படிப்பு முடித்தபின் அங்கேயே வேலை பார்க்கும் தற்காலிக அனுமதி) தொடங்கினால் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். சுவரில் காலண்டர் மாட்டி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தேன். 81-ஆம் நாள் நிலத்தடி நீர் ஆலோசனை நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டது. பாறைத் துளைகளில் எண்ணெய் ஓடினாலும் தண்ணீர் ஓடினாலும் துளைகள் வழியாகத் திரவம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்லும் அதே டார்சி விதிதானே! (1856-ல் டார்சி அதை எழுதியதே மணலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துத்தான்.)

பதில் 2: இளங்கலையில் மெக்கானிக்கலோ கெமிக்கலோ எடுங்கள். முதுகலையில் பெட்ரோலியம் பார்த்துக்கொள்ளலாம். ஓபிடி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்கான நீட்டிப்பு 24 மாதம், இந்தப் படிப்புகளுக்கு இரண்டும் கிடைக்க வழி உண்டு.

கேள்வி கேட்டவர்: சரி, பெட்ரோலியமே எடுத்தால்?

பதில் 1: ரிசர்வாயர் பாடத்தை (நிலத்தடிப் பாறைகளில் எண்ணெய், வாயு, தண்ணீர் எப்படித் தேங்கி ஓடுகின்றன என்பது) விடாதீர்கள். கூடவே பைத்தான் நிரல்மொழி. கார்பனை நிலத்தடியில் சேமிக்கும் திட்டங்களிலும் புவிவெப்பக் கிணறுகளிலும் இதே கணக்குதான். அப்புறம், முதல் வருடமே இன்டர்ன்ஷிப் தேட ஆரம்பியுங்கள். நான் மூன்றாம் வருடம்தான் விழித்தேன்.