கொல்லை வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு போதவில்லை, வழி சொல்லுங்கள்

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் வீட்டுக் கொல்லையில் 740 சதுர அடிக்குத் தனி ஏடியூ (ADU, அதே மனையில் கட்டும் சின்னத் துணைவீடு). 750-ஐத் தாண்டினால் வளர்ச்சிக் கட்டணம் வரும் என்பதால்தான் இந்த அளவு. வரைபடம் தயார், குழாயில்தான் சிக்கி நிற்கிறது.

வாசல் பக்க கிளீன் அவுட்டில் (அடைப்பு எடுக்கக் குழாயில் வைத்த திறப்பு) 4 அங்குலக் குழாயின் அடிமட்டம் தரையிலிருந்து 30 அங்குலம் ஆழம். புது வீடு அங்கிருந்து 90 அடி. அடிக்குக் கால் அங்குலச் சரிவு என்றால் 22.5 அங்குலம் போய்விடும். கொல்லையோ வாசலைவிட 14 அங்குலம் பள்ளம். கூட்டிக் கழித்தால் குழாய் மண்ணுக்கு மேலே ஆறரை அங்குலத்தில் நிற்கிறது!

லேசர் லெவல் இரண்டு முறை வைத்தாச்சு, அதே கணக்கு. அரைக்கால் அங்குலச் சரிவுக்கு நகராட்சி தனியாக ஒப்புதல் தந்தாலும் குழாய் 5 அங்குலம்கூட மண்ணில் இறங்காது. ஓரடி மண் மூட வேண்டும். கான்கிரீட் தளத்தை விட்டு உயர்த்திய மரத்தளம் போட்டால் வீட்டுக்கடியில் சரியாகும், முற்றத்தில் பழைய கதைதான். தெருவின் பொதுக் கழிவுநீர்க் குழாய் 7 அடி ஆழம், ஆனால் தனி இணைப்புக்கு நடைபாதையையும் ரோட்டையும் வெட்டணும். விலைப்புள்ளியைப் பார்த்ததும் அதை மூடி வைத்தாச்சு.

மிச்சம் கிரைண்டர் பம்ப் (கழிவை அரைத்து மேலே தள்ளும் மோட்டார்). கரண்ட் போனால் நின்றுவிடும். குடியிருப்பவர் வெட் வைப் (ஈரத் துடைப்புத் தாள்) போட்டால் பிளேடில் சுற்றிக்கொள்ளும். வீட்டு மின் பேனலும் 100 ஆம்ப்தான், பம்பையும் தாங்குமா என்பது சந்தேகம்.

வாடகை ஏடியூவில் கிரைண்டர் பம்ப் வைத்து மூன்று வருடமாவது ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: எந்த மாடல், எத்தனை கேலன் தொட்டி, இதுவரை எத்தனை முறை திறக்க வேண்டி வந்தது?