ஆய்வுச் சிக்கலை முன்னுரையில் நிறுவுவது எப்படி? (கண்மாய்ப் பாசன ஆய்வு)

ஆய்வு மாணவி (பொருளியல், இரண்டாம் ஆண்டு):

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனம் வீழ்ந்தது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதையும், 1960களின் தொடக்கத்தில் மாநிலப் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவற்றை நம்பியிருந்ததையும், இன்று பாதிக்கும் மேற்பட்ட பரப்பு கிணற்று நீரில் விளைவதையும் என் முன்னுரையில் விரிவாக எழுதியிருந்தேன். ஆய்வுக் குழுவினர் அதைப் படித்துவிட்டு, "நிலவரம் இருக்கிறது, ஆய்வுச் சிக்கல் எங்கே?" என்று கேட்டார்கள். கண்மாய்கள் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டி, வரத்துக்கால்வாய்கள் மறைந்து கிடக்கும்போது இதைவிடப் பெரிய சிக்கல் வேறு என்ன வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர்):

உங்கள் கவலை நியாயமானது; குழுவின் கேள்வியும் நியாயமானது. ஊருக்குத் துன்பம் தருகிற ஒரு நிலை, ஏற்கெனவே உள்ள விளக்கங்களால் புரிந்துகொள்ள முடியாத ஒரு பகுதியைத் தன்னுள் கொண்டிருந்தால்தான் ஆய்வுச் சிக்கலாகிறது. கண்மாய்ப் பாசனத்தின் வீழ்ச்சிக்கு விளக்கங்களுக்குக் குறைவில்லை. மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் பரவியபின் வசதியுள்ள உழவர்கள் மராமத்துப் பணியிலிருந்து விலகினார்கள் என்பது ஒன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபின், பழைய அதிகாரம் நீங்கிய இடத்தில் அதற்கு ஈடான ஊர்ப் பொறுப்பு உருவாகவில்லை என்பது இன்னொன்று. பொதுவளங்களை மக்களே விதி வகுத்து நெடுங்காலம் காக்க முடியும் என்று அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வாதிட்டார். உங்கள் வட்டாரக் கண்மாய்களையே ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மாஸ், 2003இல் வெளியிட்ட நூலில், அவற்றை அரசதிகாரத்தின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்று காட்டினார்.

இவ்வளவும் சொல்லப்பட்டபின் எஞ்சுவது என்ன என்று தேடுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் செல்லும் கண்மாய்களின் ஒரே சங்கிலித் தொடரில், ஒரே மழையும் ஒரே ஆட்சியும் ஒரே அளவு கிணறுகளும் உள்ள இரண்டு ஊர்களில், ஒன்றில் நீர்பாய்ச்சிக்கு (வயல்களுக்கு நீர் பங்கிட்டு விடும் ஊர்ப் பணியாளருக்கு) இன்றும் ஊரார் கூலி கொடுத்து முறைப்படி மடை திறக்கிறார்கள், மற்றொன்றில் மடையைக் கவனிக்க ஆளே இல்லை என்றால், மேற்சொன்ன விளக்கங்கள் எவையும் அந்த வேறுபாட்டுக்குப் போதுமான விடை தருவதில்லை. களத்தில் அப்படியொரு வேறுபாடு உண்டா என்று முதலில் பார்த்து வாருங்கள். இருந்தால் உங்கள் சிக்கல் அதுதான்.

மறுமொழி 2 (பாசனப் பொறியாளர்):

பேராசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். ஒரே சங்கிலியில் இருப்பதால் இரண்டு கண்மாய்களுக்கும் ஒரே அளவு நீர் கிடைத்துவிடாது. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரி நீர் வெளியேறும் அமைப்பு) வழிந்த பிறகுதான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். ஆகவே வெவ்வேறு தொடர்களில் ஒத்த இடத்தில் உள்ள கண்மாய்களை ஒப்பிடுங்கள். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை பொதுப்பணித்துறையிடமும் (2021 முதல் நீர்வளத்துறையிடமும்), சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்து வந்திருப்பதால், இரு வகையையும் கலந்தால் ஊரின் பங்கு எது, துறையின் பங்கு எது என்று பிரிக்க முடியாமல் போகும். ஊரார் பங்கேற்புடன் நீர்நிலைகளைச் சீரமைக்க 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தில் எந்தக் கண்மாய்கள் தூர்வாரப்பட்டன என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மறுமொழி 3 (கல்வித் தமிழ் பயிற்றுநர்):

முன்னுரையின் அமைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் ஆய்வு முன்னுரைகளைப் பகுத்து மூன்று நகர்வுகளைக் காட்டினார்: களத்தை நிறுவுதல், அதில் உள்ள இடைவெளியைக் காட்டுதல், அந்த இடத்தில் தம் ஆய்வை நிலைநிறுத்துதல். நீங்கள் முதல் நகர்விலேயே நின்றுவிட்டீர்கள். மாநிலப் புள்ளிவிவரங்களை ஒரு பத்திக்குள் அடக்கி, இரண்டாம் பக்கம் முடிவதற்குள் உங்கள் கேள்வியைப் படிப்பவர் சந்திக்கும்படி செய்யுங்கள். "இப்பொருளில் யாரும் ஆய்வு செய்யவில்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நம் ஆய்வேடுகளில் அந்த வாக்கியம் ஏராளமாக வருகிறது. யாரும் தொடாதது என்பதாலேயே ஒன்று ஆராயத்தக்கதாகிவிடாது. முன்னவர்கள் எதுவரை விளக்கினார்கள், அவ்விளக்கம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று காட்டுவதே வலிமையானது.

ஆய்வு மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிக்கலை இப்படி எழுதியுள்ளேன்: "கிணற்றுப் பாசனத்தின் பரவலும் ஜமீன் ஒழிப்பும் கண்மாய்ப் பாசனத்தின் பொதுவான சரிவை விளக்குகின்றன. எனினும், தொடரில் ஒத்த இடத்திலும் ஒரே துறையின் பொறுப்பிலும் ஒத்த கிணற்று அடர்த்தியிலும் உள்ள கண்மாய்களுள் சிலவற்றில் ஊர்ப் பராமரிப்பு நீடிப்பதையும் சிலவற்றில் அற்றுப்போனதையும் அவை விளக்கவில்லை. நில உடைமையின் பரவலும் ஊர்ப் பொது வருவாயும் இவ்வேறுபாட்டில் வகிக்கும் பங்கை இவ்வாய்வு ஆராய்கிறது."

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர்):

நன்றாக வந்திருக்கிறது, அம்மா. "ஊர்ப் பராமரிப்பு நீடிப்பது" என்பதை எதைக் கொண்டு அளப்பீர்கள் என்று குழு அடுத்துக் கேட்கும். நீர்பாய்ச்சி இருப்பது, ஆண்டுதோறும் வரத்துக்கால்வாய் வெட்டுவது, மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பகுதி கண்மாய்க்கே செலவாவது ஆகியவற்றைக் களத்தில் நேரடியாகச் சரிபார்க்கலாம். அந்த வரையறையைச் சிக்கல் கூற்றுக்கு அடுத்த பத்தியிலேயே வைத்துவிடுங்கள்.